சின்ன வகுப்புப் பிள்ளைகளும் போதைத் தடுப்பும்: எல்லைப் பக்கத்துப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் தமிழ் வழியில் நடக்கும் ஓர் எல்.பி. பள்ளியில் (ஒண்ணு முதல் நாலாம் வகுப்பு வரை) நான் டீச்சர். எங்களுக்குக் கோபாலபுரம் செக்போஸ்ட் பக்கம். அதைத் தாண்டினால் பொள்ளாச்சி ரோடு. எங்கள் பிள்ளைகளுக்கு மாமன் வீடு ஒரு மாநிலம், அத்தை வீடு இன்னொரு மாநிலம். போதைத் தடுப்பு வகுப்பு நடத்த ஆரம்பித்ததிலிருந்து பி.டி.ஏ. என்கிற பெற்றோர்-ஆசிரியர் கூட்டத்திலும் பஸ் ஸ்டாப்பிலும் கல்யாணப் பந்தியிலும் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, நான் சொல்லும் பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன். ஒருமுறை சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் இருக்க எண் போட்டிருக்கிறேன்.

1. "ஒண்ணாங்கிளாஸ் குழந்தைக்கு இதெல்லாம் எதுக்குங்க டீச்சர்? தெரியாததை நாமளே சொல்லிக் கொடுத்த மாதிரி ஆயிடாதா?"

இந்தப் பயம் எனக்கும் இருந்தது. 2019இல் 13 முதல் 15 வயது மாணவர்களிடம் நாடு முழுக்க ஒரு புகையிலைக் கணக்கெடுப்பு நடந்தது. சிகரெட் பிடித்த பிள்ளைகளில் 38 சதவீதம், பீடி பிடித்தவர்களில் 47 சதவீதம், மெல்லும் புகையிலை போட்டவர்களில் 52 சதவீதம் பேர் பத்து வயது நிறைவதற்குள்ளேயே முதல் தடவை அதைத் தொட்டிருந்தார்கள். பத்து வயது என்றால் நாலாம் வகுப்பு, அஞ்சாம் வகுப்பு. ஹைஸ்கூலுக்குப் போனபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திருந்தால், தொட்ட பிள்ளைகளில் பாதிப் பேரிடம் நாம் தாமதமாகப் போய்ச் சேருகிறோம்.

அதற்காக ஒண்ணாம் வகுப்பில் கஞ்சா, எம்.டி.எம்.ஏ. என்று யாரும் பெயர் சொல்லிப் பாடம் எடுப்பதில்லை. ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பெயர்களால் ஒரு பயனும் இல்லை. என்ன சொல்லிக் கொடுக்கிறோம் என்பது அடுத்த பதிலில் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு இந்தக் கேள்வியை மறுபடி கேட்டவர்கள் குறைவு.

2. "அப்ப வகுப்புல என்னதான் நடத்தறீங்க?"

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். மூடி இறுக்கி டேப் ஒட்டிய ஒரு கண்ணாடி டப்பாவில் கலர் கலராகச் சீரக மிட்டாயும், அதே அளவு, அதே நிறத்தில் மாத்திரைகளும் போட்டு ரெண்டாம் வகுப்புக்குக் கொண்டுபோனேன். எது மிட்டாய், எது மாத்திரை என்று கை வைத்துக் காட்டச் சொன்னேன். முப்பது பிள்ளைகளும் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒருத்தராலும் முழுசாகச் சரியாகச் சொல்ல முடியவில்லை. ஒரு பெண் குழந்தை மட்டும் டப்பாவில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, "டீச்சர், இந்தச் சிவப்பு எங்க அப்பாரு போடற பிரஷர் மாத்திரை" என்றாள். அப்பாரு என்றால் எங்கள் பக்கத்தில் தாத்தா. அவர்கள் வீட்டில் அது டி.வி. ஸ்டாண்டில், அவள் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறதாம். அன்றைய பாடம் இவ்வளவுதான்: கண்ணால் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் வீட்டுப் பெரியவர்களைக் கேட்காமல் எதையும் வாயில் போடக்கூடாது. மறுநாள் அந்த மாத்திரை டப்பா பீரோவுக்குள் போய்விட்டது என்று அவள் அம்மா வந்து சொன்னார்.

மூணு, நாலாம் வகுப்பில் நடித்துப் பார்க்கிறோம். ஒருவன் அண்ணனாக நின்று, "ஒரே ஒரு தடவை வாயில வை, ஒண்ணும் ஆகாது, பயந்தாங்கொள்ளி" என்பான். இன்னொருவன் மறுக்க வேண்டும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு முதல் தடவை 'வேண்டாம்' என்ற சொல்லே வாயில் வராது, சிரித்துக்கொண்டு நிற்பார்கள். பெரியவர்கள் கொடுத்ததை மறுப்பது மரியாதைக் குறைவு என்று நாமே பழக்கியிருக்கிறோமே. நாலைந்து முறை நடித்தபிறகு குரல் கிளம்பும். மறுப்பது, அந்த இடத்தை விட்டு நகர்வது, அன்றைக்கே ஒரு பெரியவரிடம் சொல்வது, இந்த மூன்றும் சேர்ந்தால்தான் பயிற்சி முடிந்தது. 'யாரிடம் சொல்வாய்?' என்று கேட்டு, ஒவ்வொரு பிள்ளையும் தன் கை விரல் ஐந்துக்கும் ஐந்து பெயர் எழுத வேண்டும். சில பிள்ளைகளால் ரெண்டு விரலுக்கு மேல் எழுத முடிவதில்லை. அந்தத் தாள்களைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

இவற்றோடு கோபம் வந்தால் என்ன செய்வது, தோற்றால் எப்படி எடுத்துக்கொள்வது, பயத்தைச் சொற்களில் எப்படிச் சொல்வது என்பதும் உண்டு. பார்க்கிறவர்களுக்கு இதில் போதையைப் பற்றி ஒன்றுமே இல்லாதது போல இருக்கும்.

3. "எக்ஸைஸ்காரங்களோ போலீஸோ வந்து ஒரு மணி நேரம் பயமுறுத்திட்டுப் போனா பத்தாதா?"

பத்தாது. இதை அமெரிக்கா பெரிய அளவில் செய்து பார்த்துவிட்டது. 1983இல் லாஸ் ஏஞ்சலஸில் 'டேர்' என்ற திட்டம் தொடங்கியது. சீருடைப் போலீசார் பள்ளிக்கூடத்துக்கு வந்து போதையைப் பற்றிப் பாடம் எடுத்தார்கள். நாடு முழுக்கப் பரவியது. 1990களில் ஆராய்ந்து பார்த்தபோது, அந்த வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகளும் உட்காராத பிள்ளைகளும் பின்னாளில் போதையைத் தொட்டதில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பிறகு அவர்களே பாடத்தை மாற்றிவிட்டார்கள்.

ஐ.நா.வின் போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகம் 2013இல் தடுப்புத் திட்டங்களுக்கான அளவுகோல்களை வெளியிட்டது. 2018இல் திருத்திய பதிப்பும் வந்தது. வெறும் தகவல் சொல்வது, பயம் காட்டுவது, முன்பு போதைக்கு அடிமையாக இருந்தவரை மேடையேற்றிக் கதை சொல்லவைப்பது போன்றவற்றால் பலன் இல்லை, சில நேரம் தலைகீழாகவும் போகும் என்று அதில் இருக்கிறது. பிள்ளைகள் மனசில் 'இவ்வளவு குடிச்சும் இந்த மாமா நல்லா ஆயிட்டாரே' என்பதுதான் நிற்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. புண் பிடித்த வாயின் படத்தைப் பார்த்த ஒரு குழந்தை எங்கள் பள்ளியில் இரண்டு நாள் சோறு சாப்பிடவில்லை. அந்தப் படம் இப்போது சுவரில் இல்லை.

ஜூன் 26 உலகப் போதை எதிர்ப்பு நாளுக்கு ஊர்வலம் போகிறோம், உறுதிமொழி எடுக்கிறோம். அதை விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வருஷத்துக்கு ஒரு நாள் அது. மீதி நாளில் என்ன நடக்கிறது என்பதைப் பெற்றோர் கேட்க வேண்டும்.

4. "விளையாட்டு காட்டி போதையைத் தடுக்க முடியுங்களா?"

'நன்னடத்தை விளையாட்டு' என்று ஒன்று இருக்கிறது. வகுப்பை அணிகளாகப் பிரித்து, பாடம் நடக்கும் கொஞ்ச நேரத்துக்கு விதிகளைக் குறைவாக மீறுகிற அணிக்குச் சின்னப் பரிசு. எல்லா அணியும் ஜெயிக்கலாம். 1980களின் நடுவில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதை நடத்தி, அவர்கள் இருபது வயதைத் தொடும்வரை தொடர்ந்து கவனித்தார்கள். விளையாடிய வகுப்புகளில் இருந்த ஆண்பிள்ளைகளிடம், அதிலும் சின்ன வயதில் முரட்டுத்தனமாக இருந்தவர்களிடம், போதைப் பழக்கம் குறைவாக இருந்தது. அந்த வகுப்பில் போதை என்ற பேச்சே வரவில்லை.

எங்கள் வகுப்பில் தென்னை அணி, பனை அணி, புளி அணி என்று பெயர். முரட்டுப் பிள்ளையை எல்லாரும் ஒதுக்கினால் அவனுக்குச் சேர்த்துக்கொள்ள வேறு ஒரு கூட்டம் வெளியே காத்திருக்கிறது. அணியில் அவனும் ஒருவன் என்றால், பக்கத்தில் இருப்பவன் அவன் தோளைத் தட்டி அமைதிப்படுத்துகிறான். நான் தட்டினால் கிடைக்காத பலன் அதில் கிடைக்கிறது.

5. "எங்க அப்பாரு அந்தக் காலத்திலிருந்து வெத்தலை பாக்கு பொகையிலை போடறாரு. அதையும் தப்புன்னு சொல்லிக் கொடுப்பீங்களா?"

தாத்தாவைத் தப்பு என்று ஒருநாளும் சொல்லமாட்டோம். புகையிலை உடம்புக்கு ஆகாது என்று சொல்வோம். பாக்கும் அப்படித்தான். பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2003இலேயே முடிவு செய்திருக்கிறது. தாம்பூலத் தட்டில் பாக்கு வைப்பது வேறு. பிள்ளை ஆசைப்படுகிறது என்று ஒரு சீவல் வாயில் போட்டுவிடுவதுதான் எனக்குக் கவலை. இந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் அது செல்லமாக நடக்கிறது.

தாத்தாவிடம் நான் கேட்பது ஒன்றுதான்: உங்கள் பொட்டலத்தை வாங்கிவரப் பேரனை அனுப்பாதீர்கள். 2003ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே இருப்பவருக்குக் கடைக்காரர் விற்கவே கூடாது. சட்டத்தை விடுங்கள், கடைக்காரர் கையிலிருந்து பொட்டலம் பிள்ளையின் கைக்கு வருவது சகஜமாகிவிட்டால், அப்புறம் அது யாருக்காக வாங்கியது என்று யாரும் கேட்பதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் இதைக் கேட்டபிறகு, "இனிமே நானே நடந்து போறேனுங்க டீச்சர், காலுக்கும் நல்லது" என்றார். இன்றைக்கும் அவர் சாயங்காலம் நடந்து போவதைப் பார்க்கிறேன்.

6. "நம்ம ஊர்ல கள்ளுக்கடை சர்க்கார் லைசன்ஸ்ல நடக்குது. அதை எப்படிங்க பிள்ளைகிட்ட தப்புன்னு சொல்றது?"

வேறெங்கும் இந்தக் கேள்வி வராது. தமிழ்நாட்டில் 1987இலிருந்து கள் இறக்கத் தடை. இங்கே சித்தூர்த் தோப்புகளிலிருந்துதான் கேரளத்தின் மற்ற மாவட்டங்களுக்கே கள் போகிறது. காலையில் கள் வண்டி போகிற அதே ரோட்டில் எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கு வருகிறார்கள். பல பிள்ளைகளின் அப்பா மரம் ஏறுகிறவர். ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து பைக்கில் வந்து குடித்துவிட்டுப் போகிறவர்களையும் பிள்ளைகள் பார்க்கிறார்கள்.

அதனால் 'கள் விற்பது பாவம்' என்று நான் சொன்னால், மரமேறியின் மகன் மறுநாள் தலை குனிந்து உட்காருவான். அவனுடைய அப்பா செய்வது உழைப்பு, சட்டப்படியான தொழில். நான் சொல்வது இது: "பெரியவங்களுக்கு மட்டும் என்று சில விஷயம் இருக்கு. வண்டி ஓட்ட 18 வயசு. கேரளத்தில் மது வாங்க 23 வயசு. உன் மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது, அதனால் உனக்கு ஒரு சொட்டும் கூடாது." பிள்ளைகளுக்கு இது புரிகிறது. 'சளிக்கு நல்லது' என்று ஒரு மடக்கு கள் ஊற்றிக் கொடுக்கிற வீடுகள் இருக்கின்றன. சளிக்கு அது மருந்தில்லை. அதை மட்டும் கண்டிப்பாக நிறுத்துங்கள்.

7. "பள்ளிக்கூடம் பக்கத்துக் கடையில பொட்டலம் விக்கறாங்க. இங்க சொல்றதா, அங்க சொல்றதா? கோர்ட்டே தடையை எடுத்துருச்சுன்னு கடைக்காரர் சொல்றாரே?"

கடை எந்த மாநில எல்லைக்குள் இருக்கிறதோ அந்த மாநிலத்தில் சொல்ல வேண்டும். கேரளத்தில் குட்காவுக்கும் புகையிலை கலந்த பான்மசாலாவுக்கும் 2012 மே மாதம் தடை வந்தது, தமிழ்நாட்டில் 2013இல். தமிழ்நாட்டுத் தடை ஆணையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் ரத்து செய்தது உண்மை. ஆனால் அதே ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்துவிட்டது. கடைக்காரர் கதையின் முதல் பாதியை மட்டும் சொல்கிறார்.

தடை வராத பீடி, சிகரெட்டைக்கூட பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், யாரும் விற்கக்கூடாது. இதை மீறினால் அபராதம் 200 ரூபாய்தான் என்று சிலர் அலட்சியமாக இருக்கிறார்கள். பிள்ளை கையில் கொடுத்தால் கதையே வேறு. 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவுப்படி குழந்தைக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுத்தவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. முதலில் நாங்கள் போய் இதைத்தான் கடைக்காரரிடம் சொன்னோம், சண்டை போடவில்லை. ரெண்டு கடைகள் தொங்கவிட்டிருந்த பொட்டலச் சரத்தை அன்றைக்கே அவிழ்த்துவிட்டன. மூன்றாவது கடைக்கு எச்.எம்.மும் பி.டி.ஏ.வும் கையெழுத்துப் போட்டு எக்ஸைஸ் (கலால் துறை) அலுவலகத்துக்கு மனு கொடுக்க வேண்டியிருந்தது. தனி ஆளாகப் புகார் கொடுத்து ஊர்ப் பகை சம்பாதிக்க வேண்டாம், பள்ளியின் பெயரில் கொடுங்கள். தமிழ்நாட்டுப் பக்கம் 10581 என்ற இலவச எண் இருக்கிறது.

8. "கஞ்சா, குட்கா சரி. பஞ்சர் ஒட்டற சொல்யூஷனை மோந்து பாக்கறாங்களாமே, அது என்ன டீச்சர்?"

இதைத்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன், ஏனென்றால் யாரும் பேசுவதில்லை. 2019இல் வெளியான மத்திய அரசின் கணக்கெடுப்பில், டெல்லி எய்ம்ஸ் நடத்தியது, ஒரு விஷயம் தெரிந்தது. முகர்ந்து போதை ஏற்றும் பொருள்களில் மட்டும் பெரியவர்களைவிடச் சிறுவர்களின் விகிதம் கூட: பெரியவர்களில் 0.58 சதவீதம், 10 முதல் 17 வயதில் 1.17 சதவீதம். காரணம் சுலபம். பஞ்சர் சொல்யூஷன், பெயின்ட் தின்னர், எழுத்தை அழிக்கும் வைட்னர், பெட்ரோல் இவற்றுக்கு லைசன்ஸ் வேண்டாம், பத்து இருபது ரூபாய் போதும், கையில் வைத்திருந்தாலும் யாரும் சந்தேகப்படமாட்டார்கள்.

கைக்குட்டையிலோ சட்டை நுனியிலோ கெமிக்கல் நாற்றம், வாயைச் சுற்றிப் பரு போல் சொறி, விரலில் ஒட்டின பசை, காலியான ட்யூப்கள், காரணமில்லாத தலைவலி, இவற்றைக் கவனியுங்கள். சைக்கிள் கடை, பெயின்ட் கடை வைத்திருக்கிறவர்கள் சின்னப் பிள்ளைக்கு இதை விற்காமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

ஒன்றை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். முகர்ந்துகொண்டிருக்கும் பிள்ளையைப் பார்த்தால் கத்திக்கொண்டு துரத்தாதீர்கள். அந்த ரசாயனம் உடம்பில் இருக்கும்போது திடீர்ப் பயமும் ஓட்டமும் சேர்ந்தால் இதயத் துடிப்பு தடுமாறி உயிரே போகலாம், முதல் தடவை முகர்ந்த பிள்ளைக்கும். மெதுவாகப் பேசி, பொருளை வாங்கி, காற்றோட்டமான இடத்தில் உட்கார வையுங்கள். மயக்கமோ மூச்சுத் திணறலோ இருந்தால் 108. திட்டுவதை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

9. "ஸ்கூல் வாசல்ல ஸ்ட்ராபெரி மிட்டாய்ல போதை கலந்து கொடுக்கறாங்கன்னு வாட்ஸ்அப்ல வந்துதே, நிஜமா?"

ஸ்ட்ராபெரி வாசனைப் போதை என்ற அந்தச் செய்தி 2007வாக்கில் அமெரிக்காவில் கிளம்பிய புரளி. ஊர்ப் பெயரை மாற்றி மாற்றி உலகம் முழுக்கச் சுற்றுகிறது. தயவுசெய்து வகுப்புக் குரூப்பில் அனுப்பாதீர்கள்.

அதே நேரம் கஞ்சா கலந்த சாக்லேட்டுகள் தமிழ்நாட்டில் பலமுறை பிடிபட்டிருக்கின்றன, அது புரளி இல்லை. எது நிஜம் என்று பிள்ளை ஆராய வேண்டாம். இரண்டாம் பதிலில் சொன்ன டப்பாப் பாடம் இரண்டுக்கும் போதும்.

10. "டெய்லி பையைச் சோதிக்கலாமா?"

வேண்டாம். டிபன் பாக்ஸ் எடுக்கும்போது கண்ணில் படுவது படட்டும். ஒளிந்து சோதித்தால் பிள்ளை ஒளிக்கக் கற்றுக்கொள்ளும். அதற்குப் பதில் தினமும் பத்து நிமிஷம் 'இன்னைக்கு யாரோட விளையாடின?' என்று கேளுங்கள். திடீரென்று புதுப் பெரிய பையன்களின் பெயர் வந்தாலோ, பழைய கூட்டாளியின் பெயர் வராமல் போனாலோ டீச்சரிடம் சொல்லுங்கள்.

11. "எம் பையன் பையில பொட்டலம் இருந்துச்சுன்னா டி.சி. குடுத்துருவீங்களா?"

மாட்டோம், முடியவும் முடியாது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு நீக்கக்கூடாது என்கிறது. 17ஆம் பிரிவு அடிப்பதையும் மனசைக் காயப்படுத்துவதையும் தடுக்கிறது. ஏழு வயதுக்குக் கீழே எந்தச் செயலும் சட்டப்படி குற்றமே ஆகாது.

ஒரு தப்பை ஒப்புக்கொள்கிறேன். பல வருஷத்துக்கு முன்னால் நாலாம் வகுப்புப் பையன் ஒருவனுடைய பென்சில் டப்பாவில் புகையிலைப் பொட்டலம் இருந்தது. நான் எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் அதைத் தூக்கிக் காட்டி, "இது யார் கொடுத்தது?" என்று கத்தினேன். அவன் பதில் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து பதினொரு நாள் பள்ளிக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனபோதுதான் தெரிந்தது, சித்தப்பாவுக்கு வாங்கியதைக் கொடுக்க மறந்து பையில் வைத்திருக்கிறான். அந்தப் பதினொரு நாளும் தோப்பில் தேங்காய் பொறுக்கிக்கொண்டு, பெரிய பையன்களோடு இருந்திருக்கிறான். அவனை அந்தக் கூட்டத்துக்கு அனுப்பி வைத்தது நான்தான். இப்போது பொட்டலம் கிடைத்தால் பையனைத் தனியாகக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் கேட்கிறேன். வீட்டுக்குச் சொல்லும்போதும் அடிக்கமாட்டோம் என்று வாக்கு வாங்கிக்கொண்டே சொல்கிறேன்.

12. "அவங்கப்பாவே தினமும் குடிச்சிட்டுத்தான் வர்றாரு. நீங்க பாடம் நடத்தி என்ன ஆகப் போகுது டீச்சர்?"

இதைத் தாய்மார்கள் கூட்டத்தில் கேட்பதில்லை, கூட்டம் முடிந்து எல்லாரும் போனபிறகு கேட்கிறார்கள். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்குத்தான் இந்தப் பாடம் அதிகம் தேவை. அவன் மனசில் 'நான் சேட்டை பண்ணறதாலதான் அப்பா குடிக்கறாரு' என்று இருக்கும். பல பிள்ளைகள் இதை என்னிடம் அப்படியே சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் அவனிடம் சொல்ல வேண்டியது: அப்பாவுக்கு இது ஒரு நோய், இது உன்னால் வரவில்லை, இதை நீ சரிசெய்ய வேண்டியதில்லை, இதைப் பற்றி என்னிடமும் டீச்சரிடமும் பேசலாம்.

அவருக்கும் வழி இருக்கிறது. கேரளத்தில் எக்ஸைஸ் துறையின் விமுக்தி திட்டத்தில் 14405 என்ற எண்ணில் ஆலோசனை கிடைக்கும், மாவட்டத்துக்கு ஒரு சிகிச்சை மையமும் இருக்கிறது. எந்த மாநிலத்திலிருந்தும் கூப்பிட 14446. புகையிலையை விட 1800112356. அவர் வரமாட்டார் என்றாலும் நீங்கள் கூப்பிட்டுப் பேசலாம். இரண்டாம் பதிலில் ஐந்து விரல் தாளைப் பற்றிச் சொன்னேனே, விரல் காலியாக இருக்கும் பிள்ளைகளில் பலர் இப்படிப்பட்ட வீட்டிலிருந்து வருகிறவர்கள். அவர்களுக்கு ஒரு விரலில் என் பெயரை நானே எழுதிவிடுவேன்.

13. "பொள்ளாச்சிப் பக்கம் படிக்கற எங்கண்ணன் பொண்ணுக்கு வேற மாதிரி நடத்தறாங்க. எதுங்க சரி?"

பெயர்கள்தான் வேறு. இங்கே 2016இலிருந்து விமுக்தி, 2022இலிருந்து 'நோ டு டிரக்ஸ்' பிரசாரம். அங்கே 2022 ஆகஸ்ட் 11 அன்று மாநிலம் முழுக்க மாணவர்கள் உறுதிமொழி எடுத்தார்கள், பள்ளிகளில் போதை எதிர்ப்பு மன்றம் வைத்தார்கள். இரண்டு பக்கமும் பெரிய வகுப்புகளுக்குத்தான் ஏற்பாடு அதிகம். சின்ன வகுப்பு டீச்சருக்கு விருப்பம் இருந்தால் நடக்கிறது, இல்லாவிட்டால் நோட்டீஸ் ஒட்டுவதோடு நின்றுவிடுகிறது.

எங்களுக்கு இன்னொரு கஷ்டம் மொழி. வருகிற நோட்டீசும் வீடியோவும் மலையாளத்தில் இருக்கும். மலையாளத்தில் போதைக்கு 'லஹரி' என்பார்கள். ஒரு ஊர்வலத்தில் எல்லாரும் லஹரி வேண்டாம் என்று கோஷம் போட்டபோது, மூணாம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் வாயைத் திறக்காமல் கண்ணில் தண்ணீரோடு நடந்தான். கேட்டால், "எங்கப்பா லாரிதானுங்க டீச்சர் ஓட்டறாரு" என்றான். அன்று ராத்திரியே உட்கார்ந்து தமிழில் எழுத ஆரம்பித்தேன். தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்கு இந்தப் பாடத்தைத் தமிழில் கொடுக்க வேண்டும் என்று பஞ்சாயத்திலும் கல்வி அலுவலகத்திலும் பெற்றோரும் கேட்க வேண்டும். அண்ணன் மகள் கொண்டுவரும் தமிழ் நோட்டீஸ் இருந்தால் எனக்கு ஒன்று கொடுங்கள், வகுப்பில் பயன்படுத்திக்கொள்கிறேன்.

14. "சொந்தக்காரங்களே பிள்ளை கையில 'இதை அங்க குடுத்துட்டு வா'ன்னு அனுப்பினா? பிள்ளை வந்து டீச்சர்கிட்ட சொன்னா என்ன பண்ணுவீங்க?"

செக்போஸ்ட் பக்கத்து ஊர்களில் இது கற்பனைக் கேள்வி இல்லை. யூனிஃபார்ம் போட்ட பிள்ளையின் பையை யாரும் பார்க்கமாட்டார்கள் என்ற தைரியம்தான் அவர்களுக்கு. மதுவையோ போதைப்பொருளையோ விற்க, கொண்டுபோக, கடத்தக் குழந்தையைப் பயன்படுத்துவது சிறார் நீதிச் சட்டத்தின் 78ஆம் பிரிவில் தனிக் குற்றம், அதற்கும் 7 ஆண்டு வரை கடுங்காவல். அனுப்பியவர்தான் குற்றவாளி, பிள்ளை பாதிக்கப்பட்டவர்.

பிள்ளை என்னிடம் சொன்னால் முதலில் "சொன்னது ரொம்ப நல்லது" என்பேன். வகுப்பில் யாருக்கும் தெரியாது. ஆனால் 'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று வாக்குக் கொடுக்கமாட்டேன். "உன்னைப் பாதுகாக்க வேண்டியவர்களிடம் மட்டும் சொல்வேன்" என்று நேராகச் சொல்லிவிடுவேன். எச்.எம்.மிடம் பேசி, 1098க்குக் கூப்பிடுவோம். அது இரண்டு மாநிலத்துக்கும் பொது, கூப்பிட்டவர் பெயர் வெளியே போகாது. சம்பந்தப்பட்ட உறவினரிடம் நானே போய் விசாரிக்கமாட்டேன், விசாரித்தால் அடி பிள்ளைக்குத்தான் விழும்.

15. "இங்க நாலாவது வரைக்கும் கத்துக்கிட்டது, பெரிய ஸ்கூலுக்குப் போனதும் மறந்துடாதா?"

மறக்கும். ஒரு வருஷம் நடத்திவிட்டு நிறுத்தினால் பலன் தேய்ந்துபோகும் என்பதைத் தடுப்பு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. ஒவ்வொரு வயதிலும் அந்த வயதுக்கு ஏற்றபடி தொடர வேண்டும். எல்.பி. முடிந்து, அஞ்சாம் வகுப்பில் தொடங்கும் யு.பி.க்கு மாறும் ஜூன் மாதம்தான் ரொம்ப மெல்லிய இடம். புதுப் பள்ளி, பெரிய பையன்கள், முதல் தடவை தனியாகப் பஸ்.

அதனால் நாலாம் வகுப்பு முடியும் மார்ச்சில் பிள்ளைகளை அடுத்த பள்ளிக்கு ஒருநாள் கூட்டிப்போகிறோம். அங்கே அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "எனக்கு ஏதாவது பிரச்சினைன்னா இங்க யார்கிட்ட சொல்லணும்?" பதில் சொல்லும் டீச்சரின் பெயரை ஐந்து விரல் தாளில் எழுதிக்கொண்டு வருவார்கள். போன வருஷம் ஒரு டீச்சர் தன் பெயரை முப்பத்திரண்டு தாளிலும் தானே எழுதிக் கொடுத்தார்.